ஹஜ்ரத்தின் முன்பற்கள்

போன மாதம் ஷாலினி போன் செய்தாள். பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த ஈறு சிகிச்சை கிளினிக்கில் எனக்குப் பிறகு உதவியாளராக வந்திருக்கும் பெண் அவள்.

"மாலாக்கா, ஒரு அங்கிள் வந்து சண்ட போடுறாரு. கிளீன் பண்றதுக்கு முன்னாடி பல்லு கெட்டியா இருந்துச்சாம். பண்ண பெறகு ஆடுதாம். பல்லுக்குப் பல்லு கேப் விழுந்துருச்சாம். நாமதான் கெடுத்துட்டோமாம். நான் என்ன சொல்ல?"

"உண்மையச் சொல்லு. பல்லுல படிஞ்சு கல்லாப் போன காறதான் இத்தன நாளா சிமெண்டு மாதிரி பல்லப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அத எடுத்ததும் ஆட்டம் வெளிய தெரியுதுன்னு சொல்லு."

"சொல்லியாச்சுக்கா. நம்ப மாட்றாரு."

"நம்பாதது ஞாயம்தான் லா. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்."

அவள் சிரித்தாள். பிறகு, "இதையெல்லாம் எங்காச்சும் எழுதி வைங்கக்கா, எங்களுக்கு உதவும்ல" என்றாள். உதவுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஓய்வு பெற்ற அன்று எல்லாரும் கேக் வெட்டி என்னை அனுபவசாலி என்று புகழ்ந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு எல்லாமே தெளிவாக இருந்தது. வெளியே வரும்போதுதான் ஒன்றும் புரியாமல் வந்தேன். அந்தக் குழப்பத்தை வேண்டுமானால் எழுதித் தருகிறேன்.

நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். பள்ளி முடித்ததும் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கண் எரிய எரிய உட்கார்ந்து சின்னச் சின்னச் சாமான்களைப் பொருத்திக்கொண்டிருந்தேன். கோயிலில் பழக்கமான ஓர் அக்கா, பிரிக்பீல்ட்ஸில் பல் டாக்டருக்கு ஆள் வேண்டுமாம் என்றார். பல் என்றால் வெள்ளையாக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. எந்தக் கருவி எந்தப் பக்கம், எச்சிலை எப்படி உறிஞ்சுவது, ரத்தத்தைப் பார்த்து எப்படி முகம் சுளிக்காமல் இருப்பது என்று வேலையில் நின்றே கற்றுக்கொண்டேன். கொம்யூட்டர் ரயிலில் போய் அதிலேயே திரும்பி வந்தேன். படிப்பு என்று சொல்ல இவ்வளவுதான்.

ஈறு நோயைப் போல ஒரு தலைகீழ் வியாதியை நான் பார்த்ததே இல்லை. மற்ற நோய் வந்தால் வலிக்கும், மருந்து கொடுத்தால் வலி நிற்கும். இது வலிக்காது. எலும்பு கரைந்துகொண்டே இருக்கும், ஆள் சந்தோஷமாக முறுக்கு கடித்துக்கொண்டிருப்பார். வைத்தியம் பண்ணினால்தான் கூசும், ஆடும், பல் நீளமாகத் தெரியும். வீங்கிய ஈறு கொழுகொழுவென்று அழகாக இருக்கும். குணமான ஈறு வற்றிச் சுருங்கிப் போயிருக்கும்.

புடவைக் கடை அக்கா ஒருவர் வருவார். இடது பக்கம் துலக்கினால் ரத்தம் வருகிறது என்று அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார். "புண்ணுல போயி யாராச்சும் பிரஷ்ஷப் போட்டுத் தேப்பாங்களா மாலா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் அழுக்கு தங்கியதால்தான் ரத்தமே வருகிறது, அங்கேதான் பொறுமையாகத் துலக்க வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொருவர் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுபவர். வாயெல்லாம் சிகரெட் கறை. "நம்ம ஈறுல ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல அக்கா" என்று பெருமையடித்தார். எக்ஸ்ரேயில் பார்த்தால் கடைவாயில் பாதி எலும்பைக் காணோம். புகை ரத்தக் குழாயைச் சுருக்கி நோயை மறைத்துவிடுமாம். ரத்தம் வந்தாலும் நோய், வராவிட்டாலும் நோய் என்றால் அந்த மனுஷன் எதை நம்புவார்?

இந்தக் குழப்பத்துக்கு நடுவே நின்று வேலை செய்தவர் டாக்டர் சோங். ஒல்லியான சீனர், பேச்சு குறைவு. தமிழில் அவருக்குத் தெரிந்தது 'வாய் தொற', 'துப்பு', 'வலிக்குதா' மூன்றும்தான். வயதானவர்களிடம் 'தொறங்க' என்று சொல்ல வேண்டும் என்று நான் பல வருஷம் போராடிப் பார்த்து விட்டுவிட்டேன். மற்றபடி அவர் ஆங்கிலத்திலும் மலாயிலும் சொல்வதை நான்தான் தமிழாக்கிச் சொல்ல வேண்டும். இங்கே அவர் பேச்சையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பி அவரிடம் உண்டு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் அதை இறக்கி, பல்லைச் சுற்றி மெல்ல நடத்திக்கொண்டே போவார். எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று எண்ணைச் சொல்வார், நான் குறித்துக்கொள்வேன். நல்ல இடத்தில் டூ, த்ரீ, டூ என்று பாட்டுப் போல வரும். எண் ஏற ஏற அவர் குரல் இறங்கும். சிக்ஸ், செவன் எல்லாம் எனக்கே சரியாகக் காதில் விழாது. நாற்காலியில் படுத்திருப்பவர்கள் சீக்கிரமே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். டாக்டர் குரல் தாழ்ந்தால் அவர்கள் கை நாற்காலிப் பிடியை இறுக்கும்.

அளந்து முடித்ததும் டிஷ்யூ பெட்டியைத் திருப்பி, பின்பக்க அட்டையில் பென்சிலால் ஒரு பல் வரைவார். சுற்றிலும் எலும்பு. பல் என்பது வேலிக் கம்பம், எலும்பு என்பது மண், மண் அரித்துப் போனால் கம்பம் ஆடும் என்று என்னைச் சொல்லச் சொல்வார். பிறகு வழிகளைச் சொல்வார். ஊசி போட்டு ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்துவிட்டுக் காத்திருந்து பார்க்கலாம். அதிலும் அடங்காத இடத்தில் ஈற்றைத் திறந்து சுத்தம் செய்து தைக்கலாம். மோசமான பற்களை எடுத்துவிட்டுப் பொய்ப்பல் செட் போடலாம், எலும்பு இடம் கொடுத்தால் இம்ப்ளான்ட் வைக்கலாம். இந்தப் பல் நிற்குமா என்று கேட்டால் அவர் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான். தெரியாது.

எனக்கு அது எரிச்சலாக இருக்கும். தெரியாது என்று சொல்லத்தான் இத்தனை படிப்பா? நோயாளிகள் உடனே என் பக்கம் திரும்புவார்கள். நான் கையுறையைச் சரி செய்வது போலக் குனிந்துகொள்வேன்.

ஹஜ்ரத் வந்தது அவருடைய மனைவி பரீதாம்மாவின் தொல்லை தாங்காமல். கிள்ளானில் ஒரு சூராவில், அதாவது சின்னத் தொழுகைக் கூடத்தில், அவர்தான் முன்னால் நின்று தொழுகை நடத்துபவர். மாலையில் பிள்ளைகளுக்கு குர்ஆன் ஓதச் சொல்லித் தருவார். ஊரே அவரை ஹஜ்ரத் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். வெள்ளைத் தொப்பி, அளவாக வெட்டிய தாடி, பேசும்போது கையால் வாயை லேசாக மறைத்துக்கொள்ளும் பழக்கம்.

"வாடை வருதுன்னு புள்ளைங்க முன்னாடி ஒக்கார மாட்டேங்குதுங்க. இவருக்கு இனிப்பு நீரும் இருக்கு, சர்க்கர ஏறிக்கிட்டே இருக்கு" என்றார் பரீதாம்மா.

"அதெல்லாம் நீ சொல்லாத, டாக்டரே பாப்பாரு" என்றார் ஹஜ்ரத்.

டாக்டர் பார்த்தார். குரல் இறங்கியது, இறங்கியபடியே இருந்தது. மேல் முன்பற்கள் ஆறும் லேசாக ஆடின. பின்பக்கம் காறை பாளம் பாளமாகப் படிந்து ஒரு பல்லை இன்னொரு பல்லோடு ஒட்ட வைத்திருந்தது. டிஷ்யூ பெட்டி திரும்பியது. நான் எல்லா வழிகளையும் சொன்னேன். சுத்தம் செய்த பிறகு ஈறு இறங்கும், பல் நீளமாகத் தெரியும், நடுநடுவே இடைவெளி விழும், குளிர்ந்த தண்ணீர் கூசும் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"அறுபது தாண்டியாச்சும்மா. அழக வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? பல்லு நின்னாப் போதும்" என்றார் ஹஜ்ரத்.

பரீதாம்மாவுக்கு மட்டும் மனமில்லை. "எங்க அண்ணன் எல்லாத்தையும் புடுங்கிட்டு செட்டு போட்டுக்கிட்டாரு. பாக்க நல்லாத்தான இருக்கு?" என்றார். அதை டாக்டரிடம் சொன்னேன். காப்பாற்ற வழியிருக்கும் பல்லை எடுக்க எனக்குக் கை வராது என்றார் டாக்டர். ஹஜ்ரத்தும் அதற்கே தலையாட்டினார்.

நாலைந்து தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் வாயின் ஒரு பக்கம். ஊசி போட்டு மரத்ததும் முதலில் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம், அது பெரிய துண்டுகளை உடைத்துப் போடும். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு டாக்டர் கைக்கருவியை எடுப்பார். அந்த நேரத்தில் கிளினிக்கில் யாரும் பேசக் கூடாது, ரேடியோவையும் நிறுத்தி விடுவோம். ஈறுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. விரலாலும் காதாலும்தான் பார்க்க வேண்டும். காறை இருந்தால் கரகரவென்று மணலைச் சுரண்டும் சத்தம். வேர் சுத்தமானதும் கண்ணாடியில் விரல் வைத்து இழுத்தது போலக் கீச்சென்று கேட்கும். அந்தச் சத்தம் வரும்வரை டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு சுரண்டுவார்.

முன்பற்களின் பின்னாலிருந்து ஒரு பெரிய பாளம் விழுந்தபோது ஹஜ்ரத் அதைப் பார்க்க வேண்டும் என்றார். டிஷ்யூவில் வைத்துக் காட்டினேன். கறுப்பும் பச்சையுமாக இருந்தது. "இத வாயில வச்சுக்கிட்டா இத்தன வருஷம் ஓதுனேன்?" என்று மரத்துப்போன உதட்டால் குழறினார். வெகுநேரம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

பிறகு சில வாரம் கழித்து மறுபடி அளந்தோம். டாக்டர் பாடினார். அப்படி ஒரு பாட்டை நான் அதிகம் கேட்டதில்லை. சிக்ஸ் இருந்த இடத்தில் த்ரீ. ரத்தமே இல்லை. ஆட்டமும் குறைந்திருந்தது. சர்க்கரையும் இறங்கியிருக்கிறது என்றார் பரீதாம்மா. டாக்டர் முகக்கவசத்துக்குள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது.

ஹஜ்ரத் மட்டும் சிரிக்கவில்லை. "காத்து போகுதும்மா" என்றார்.

"எங்க ஹஜ்ரத்?"

"பல்லு இடுக்குல. ஓதுறப்ப போகுது."

ஈறு இறங்கி, மேல் முன்பற்களுக்கு நடுவே முக்கோணம் முக்கோணமாக இடைவெளிகள் விழுந்திருந்தன. அதைத்தான் நாங்கள் முன்பே சொல்லியிருந்தோம். பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று சொன்னோம், கேட்பதற்கு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கே தோன்றவில்லை.

அவர் விளக்கினார். நம் காதுக்கு 'ஸ' என்று ஒன்றாகக் கேட்கிற எழுத்து அரபியில் மூன்று இருக்கிறதாம். ஒன்றுக்கு நாக்கு நுனி பல்லுக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றுக்குப் பல்லுக்குப் பின்னால் நிற்க வேண்டும். இன்னொன்றுக்கு நாக்கின் பின்பக்கம் கனமாக மேலே தூக்க வேண்டும். மூன்றையும் சொல்லிக் காட்டினார். எனக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் கேட்டது.

"எனக்கும் இப்ப அப்படித்தான் கேக்குது. அதான் பிரச்சின" என்றார்.

டாக்டர் ஓதிக் காட்டச் சொன்னார். ஹஜ்ரத் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு ஓதினார். எனக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்தது. வரவேற்பு மேசையிலிருந்து காக் ரொஹானி, அதாவது ரொஹானி அக்கா, எழுந்து கதவருகே வந்து நின்றார். அவர் மலாய்க்காரர், சின்ன வயதிலிருந்தே ஓதிப் பழகியவர். முடிந்ததும் "செடாப், உஸ்தாஸ்" என்றார், இனிமையாக இருக்கிறது ஹஜ்ரத் என்று. தவறு ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்.

"அவங்க ராகத்தக் கேக்குறாங்க. நான் எழுத்தக் கேக்குறேன்" என்றார் ஹஜ்ரத் என்னிடம். "தனியா ஓதுனா என்னோட போயிரும். முன்னாடி நின்னு ஓதுறப்ப ஒரு எழுத்து இன்னொரு எழுத்தா மாறிச்சுன்னா, பின்னாடி நிக்கிறவங்க தொழுகைக்கும் நான்தாம்மா பதில் சொல்லணும். நோன்பு மாசம் வருது. ராத்திரித் தொழுகையில குர்ஆன முழுசா ஓதணும்." பிறகு கேட்டார். "அந்தக் காறைய திரும்ப வைக்க முடியாதா?"

நான் இதைத் தமிழாக்கிச் சொல்லவில்லை. ஆனால் டாக்டருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மீது என்றுதான் தெரியவில்லை. எல்லாமே ஒழுங்காக நடந்திருந்தது. அளவு ஒழுங்கு, சுத்தம் ஒழுங்கு, சொன்ன எச்சரிக்கை ஒழுங்கு, அவர் வீட்டில் துலக்கியதும் ஒழுங்கு. பாடப்புத்தகத்தில் படம் போடும் அளவுக்குக் குணமாகியிருந்தது. அந்தக் குணம்தான் அவர் தொழிலில் கை வைத்துவிட்டது. தொழில் என்றுகூடச் சொல்லக் கூடாது, அவருக்கு அது அதைவிடப் பெரியது.

திரும்பவும் வழிகள். இறங்கிப் போன ஈறு, எந்த வைத்தியத்தாலும் அந்த இடைவெளிக்குள் திரும்ப வளர்ந்து வராது. பல் நிறச் சிமெண்டால் இடைவெளியை அடைத்தால் அழுக்கு தங்கி நோய் திரும்பி வரும். பற்களை எடுத்து செட் போட்டால் நாக்கு புது இடத்துக்குப் பழக மாதங்கள் ஆகும், பழகாமலும் போகலாம். "அன்னிக்கே செட்டுன்னு சொன்னேன்" என்றார் பரீதாம்மா. கடைசியில் டாக்டர், மாணவராக இருந்தபோது எப்போதோ ஒரு தடவை பார்த்தது ஒன்று உண்டு என்றார். இடைவெளிகளை மூடும்படி மாட்டிக் கழற்றும் ரப்பர் ஈறு.

அதற்கு அச்சு எடுப்பது தனி வேலை. சாதாரண அச்சென்றால் மாவைத் தட்டில் போட்டு வாயில் அழுத்தினால் ஆயிற்று. இங்கே மாவு இடைவெளி வழியாக உள்ளே போய் மாட்டிக்கொண்டால், வெளியே இழுக்கும்போது பல்லும் சேர்ந்து வரும். அதனால் முதலில் ஒவ்வொரு இடைவெளியையும் உள்பக்கத்திலிருந்து மெழுகால் அடைத்தோம். பிறகு உதட்டை நான் தூக்கிப் பிடிக்க, முன்பக்கம் மட்டும் மாவை அழுத்தி அச்சு எடுத்தார் டாக்டர். நிறத்துக்காக ஈற்றைப் படமும் எடுத்து, இதைச் செய்து தரும் லேப்புக்கு அனுப்பினோம்.

வந்து சேர்ந்தது பிறை மாதிரி வளைந்த மெல்லிய ரப்பர். இளஞ்சிவப்பு. குழந்தை பொம்மையின் ஈறு போல அப்படி ஒரு சிவப்பு. ஹஜ்ரத்தின் ஈறு நம்மில் பலருக்கும் உள்ளது போலக் கருமை படர்ந்த பழுப்பு. டாக்டர் லேப்புக்குப் போன் போட்டார். படம் ரொம்ப இருட்டாக இருந்தது, அதனால் நானே வெளுப்பாக்கிக்கொண்டேன் என்றான் அங்கே அதைச் செய்த ஆள். டாக்டருக்குக் கோபம் வந்து நான் பார்த்த ஒரே நாள் அதுதான். இந்த ஊரில் இருந்துகொண்டு ஈற்றின் நிறம் தெரியாதா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

ஹஜ்ரத் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. "குடுங்க" என்று வாங்கி மாட்டிக்கொண்டார். இடைவெளிகளில் அது போய் உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு மெல்ல அந்த மூன்று எழுத்துகளையும் சொன்னார். திரும்பச் சொன்னார். அவர் தோள் இறங்குவதைப் பார்த்தேன்.

"இருக்கு" என்றார்.

பரீதாம்மா அவர் வாயைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவரும் சிரித்தார், கையால் மறைக்காமல். சரியான நிறத்தில் ஒன்று வரும்வரை இதுவே போதும் என்று கிள்ளானுக்கு எடுத்துப் போனார். பழுப்பு நிறத்தில் அடுத்தது வந்ததும் அதையும் வாங்கிக்கொண்டார். அந்த மாதம் முழுக்க எனக்கு மனசு லேசாக இருந்தது. ரயிலில் எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

நோன்புப் பெருநாள் முடிந்து வந்தார். டாக்டர் அளந்தார். அதே பாட்டு. "இந்தப் பற்கள் உயிர் இருக்கும்வரை இவரோடு இருக்கும் என்று சொல், மாலா" என்றார். பல் நிற்குமா என்றால் தெரியாது என்பதைத் தவிர வேறொன்றை அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை. சந்தோஷமாக மொழிபெயர்த்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஹஜ்ரத். "நான் முன்னாடி நிக்கிறத விட்டுட்டேன்மா."

நடந்ததைச் சொன்னார். தொழுகைக்கு முன் கைகால் கழுவி வாய் கொப்பளிக்க வேண்டும். அப்போது ரப்பர் ஈற்றைக் கழற்றிக் குழாய் பக்கத்துத் திட்டில் வைப்பார், கொப்பளித்துவிட்டு மாட்டிக்கொள்வார். நோன்பின் நடுவில் ஒருநாள், யாரோ அவசரமாக ஏதோ கேட்க, பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார். முன்னால் நின்று ஓத ஆரம்பித்த பிறகுதான் நாக்கு இடைவெளியைத் தொட்டது. நடுவில் விட்டுவிட்டுப் போக மனசில்லை. பயந்து பயந்து, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிதானமாக ஓதி முடித்தார். திரும்பிப் பார்த்தால் யார் முகத்திலும் ஒன்றும் இல்லை.

"யூசுஃப்னு எங்கிட்ட ஓதிப் பழகுனவரு ஒருத்தரு, இப்ப அவரே புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றாரு. அவருகிட்ட கேட்டேன், இன்னிக்கு எழுத்து எப்படின்னு. இந்த மாசத்துலயே இன்னிக்குத்தான் ரொம்ப நல்லா இருந்துச்சு ஹஜ்ரத்துங்கிறாரு."

"அப்ப நல்லதுதான?" என்றேன்.

"என்னம்மா நல்லது? அவரு காதப் பழக்குனதே நான்தான். எங் காது பிசகிருந்தா அவரு காதும் பிசகித்தான இருக்கும்? இல்ல, அந்த ரப்பரப் போட்டுக்கிட்டு ஓதுனதுதான் தப்பா இருந்துச்சா? இல்ல, ஒண்ணுமே போகாம இருக்க நானா போச்சு போச்சுன்னு நெனச்சுக்கிட்டேனா? எது நெசம்னு எனக்கே புடிபடல. சந்தேகத்தோட முன்னாடி நிக்கக் கூடாது. மறுநாள்லேர்ந்து யூசுஃப் நிக்கிறாரு. நான் பின்னாடி வரிசையில நிக்கிறேன்."

நான் டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் கேட்டுவிட்டு, வேறு ரப்பர் செய்யலாம், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்களிடம் அனுப்பலாம், ஒலியைப் பதிவு செய்து பழையதோடு ஒப்பிடலாம் என்று என்னென்னவோ சொன்னார். ஹஜ்ரத் எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். வேண்டாம் என்று சொல்லாமலே எல்லாவற்றையும் வேண்டாம் என்றார்.

"நாங்க தப்பு பண்ணிட்டோமா ஹஜ்ரத்?" என்று கேட்டுவிட்டேன். நோயாளியிடம் கேட்கக் கூடாத கேள்வி அது.

"வாடையோட நின்னு ஓதிக்கிட்டு இருந்தவன நீங்க சுத்தம் பண்ணீங்க. அது எப்படித் தப்பாகும்? ஆனா சரியான்னு கேட்டா, அதுவும் தெரியலயே."

பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரப்பர் ஈற்றைக் கழற்றி அதன் டப்பாவில் வைத்து மூடினார். "டாக்டரு கஷ்டப்பட்டு நிக்க வச்ச பல்லு. அவரு கேக்கட்டும். இங்க எம் பின்னாடி யாரும் நிக்கல, பயமில்ல" என்றார்.

ஓதினார். முன்பு ஓதியதைவிட நீளமாக, நிதானமாக. காக் ரொஹானி இந்தத் தடவை கதவருகே வரவில்லை, ஆனால் வெளியே போன் மணி அடித்தும் யாரும் எடுக்கவில்லை. டாக்டர் கையுறையோடு அப்படியே நின்றார். பரீதாம்மா குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ராகத்தை விட்டுவிட்டு, அவர் சொல்லிக் காட்டிய அந்த எழுத்துகளை மட்டும் கேட்க முயன்றேன். பல்லுக்கு நடுவே காற்று எங்கேயாவது நழுவுகிறதா என்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஓரிடத்தில் நழுவியது போல இருந்தது. அடுத்த முறை அதே எழுத்து வந்தபோது இல்லை போல இருந்தது. நழுவியதா இல்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.